பீட் நில மாநாட்டுக்குக் காசு கட்டிப் போகலாமா? ஒரு பொள்ளாச்சி கோகோபீட்காரனின் விமர்சனம்

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். களப்பயணத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அரங்கில் நடந்ததற்கு இரண்டரை. சாப்பாட்டுக்கு ஒன்று, அதுவும் சூப் சூடாக இருந்த ஒரே காரணத்துக்காக. நம்ம தென்னை நார்த் தொழிலில் இருக்கிற யாராவது இந்த மாதிரி மாநாட்டுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், ஆர்டர் பிடிக்கிற நினைப்போடு மட்டும் போகாதீர்கள், ஒரு கன்டெய்னர்கூட நகராது. ஆனால் நம்ம சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருஷத்துக்கு வருஷம் ஏன் கேள்வித்தாளை நீட்டிக்கொண்டே போகிறான் என்று தலையைச் சொறிகிறவராக நீங்கள் இருந்தால், பதில் அங்கேதான் இருக்கிறது.

மாநாட்டின் பெயரைப் போடவில்லை, குறையும் எழுதப் போகிறேன், எதற்கு வம்பு. வட இங்கிலாந்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கிற ஊர் ஒன்றில் நடந்தது. பொருள், பீட் நிலங்களைக் காப்பாற்றுவதும் கெட்டுப்போனவற்றை மீட்பதும். வந்தவர்களில் கணிசமான பேர் மலையில் நேரடியாக வேலை செய்கிறவர்கள், அப்புறம் பல்கலைக்கழகத்துக்காரர்கள், அரசு அதிகாரிகள், தண்ணீர்க் கம்பெனிகள், கோட்டுப் போட்ட கார்பன் ஆலோசகர்கள் கொஞ்சம் பேர். நார்த்தூள் விற்கிறவன் என்று பார்த்தால் நான் ஒருத்தன்தான்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. எப்போதும் தண்ணீர் நிற்கிற நிலத்தில் செத்துப்போன பாசியும் செடியும் காற்றுப் படாததால் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் பீட். வளர்ச்சி வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதாவது இடுப்பளவு ஆழத்துக்குப் படிய ஆயிரம் வருஷம். அதைத்தான் ஐரோப்பாவில் பல காலமாக வெட்டி, மூட்டை கட்டி, தொட்டிச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அதை நிறுத்தப் பார்க்கிறார்கள், நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்பப் போகிற பொருள்களில் முக்கியமான ஒன்று நம்ம பித், அதாவது தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள், கோகோபீட் என்பதும் இதுதான். ஒரு காலத்தில் மஞ்சி (தென்னை நார்) மில் ஓரத்தில் மலை மாதிரிக் குவிந்து கிடந்து, எடுத்துக்கொண்டு போக ஆள் கிடைக்காத அதே பித், இன்றைக்கு 5 கிலோ கட்டியாக அழுத்திக் கப்பல் ஏறுகிறது, அங்கே தண்ணீர் ஊற்றினால் 70 லிட்டர் அளவுக்கு உப்புகிறது. ஆக, பீட் நிலத்தின் தலையெழுத்துதான் நம்ம விலையும்.

சரி, அரங்குக்குள் போகலாம்.

முதல் நாள் காலை முழுக்க எல்லோரும் ஒரே ஸ்லைடைத்தான் காட்டினார்கள். உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காடுகளில் உள்ள மரம் செடி எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனை அது வைத்திருக்கிறது. வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் உள்ளே காற்று போகும், இத்தனை ஆயிரம் வருஷம் மக்காமல் கிடந்தது மக்க ஆரம்பிக்கும், கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அப்படி வடிய விட்டது உலகத்துப் பீட் நிலத்தில் சுமார் 12 சதவீதம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. நல்ல விஷயம்தான், முக்கியமான விஷயம்தான், ஆனால் அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் இது ஏற்கெனவே தெரியும். தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்ல அரை நாள் எதற்கு? பின்வரிசையில் ஒருவர் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார், அவர் புத்திசாலி.

அதற்குப் பிறகு வந்த ஒரு பேச்சு மட்டும் நிமிர்ந்து உட்கார வைத்தது. கிழக்கு இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்று ஓர் இடம். பக்கத்தில் விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரி இருந்தது, 1850களின் தொடக்கத்தில் அதை வடித்து விவசாய நிலமாக்கினார்கள். அப்போதே நிலம் இறங்கும் என்று சந்தேகப்பட்ட யாரோ ஒரு கம்பத்தைப் பீட்டுக்குள் கீழேயுள்ள களிமண் வரைக்கும் இறக்கி, அதன் தலையைத் தரையோடு தரையாக விட்டார்கள். பிறகு அந்த இடத்தில் ஓர் இரும்புத் தூண் வந்தது. இன்றைக்கு அது சுமார் 4 மீட்டர் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை, சுற்றியிருந்த மண் அத்தனையும் சுருங்கியும் மக்கியும் காற்றில் போய்விட்டது. பிரிட்டனிலேயே தாழ்வான நிலம் இப்போது அந்தப் பக்கம்தான், கடல் மட்டத்துக்கும் கீழே. போட்டோவில் தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். காலையில் காட்டிய கிராஃப் எல்லாவற்றையும்விட அந்த ஒரு படம் போதும்.

இந்தோனேசியா பற்றிய அமர்வும் பரவாயில்லை. 1990களின் நடுவில் சுகார்த்தோ ஆட்சியில், மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல் வயலாக்கப் போகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. தண்ணீர் வடிந்த பீட் 1997இல் பற்றிக்கொண்டது, புகை மலேசியா, சிங்கப்பூர் வரைக்கும் போனது. பீட் தீ மேலே அணைந்தாலும் மண்ணுக்குள்ளே புகைந்துகொண்டே போகும், மழைதான் அணைக்க வேண்டும். 2015இலும் பெரிய தீ வந்த பிறகு, 2016இல் மீட்புக்கென்றே தனி அமைப்பு வைத்து, வெட்டிய வாய்க்காலை அடைக்கிற வேலை ஆரம்பித்தது. இதைப் பேசினவர் நேரத்தை மீறினார், மணி அடித்து நிறுத்தினார்கள். நிறுத்தியிருக்கக் கூடாது, அடுத்து வந்த கார்பன் ஆசாமிக்கு வெட்டியிருக்கலாம்.

அந்தக் கார்பன் அமர்வு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிரிட்டனில் பீட்லாந்து கோட் என்று ஒரு தன்னார்வத் தரநிலை இருக்கிறது. நிலத்தை மீட்டால் எவ்வளவு உமிழ்வு குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதை யூனிட்டுகளாக்கி விற்கலாம், பிற்பாடு நேரில் சரிபார்த்து உறுதி செய்வார்கள். வியாபாரியாக எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. காய் இறங்குவதற்கு முன்னாலேயே தோப்பைக் குத்தகைக்குப் பேசுகிற கதை இது, நம்ம ஊரில் அதில் யார் கை கடிபடும் என்று எல்லோருக்கும் தெரியும். இதைக் கேள்வியாகக் கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன், கேள்வியெல்லாம் செயலியில் போடுங்கள் என்றார்கள். செயலி என் போனில் திறக்கவே இல்லை. காசு வாங்குகிற மாநாடு, ஒரு மைக்கை வரிசையாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இனி என் முக்கியமான குறை. பீட்டுக்கு மாற்று என்ன என்பதற்கு ஒதுக்கியது ஒரே ஓர் அமர்வு, அதுவும் இரண்டாம் நாள் சாயங்காலம், பாதிப்பேர் ரயிலுக்குக் கிளம்பின நேரத்தில். அதைக் கேட்க எனக்குத் தனிக் காரணம் இருந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு மூட்டையில் விற்கிற பீட்டை இங்கிலாந்தில் 2024க்குள் தடை செய்வோம் என்று 2022 ஆகஸ்டில் அந்த அரசு அறிவித்தது, அங்கே விற்கிற பீட்டில் சுமார் 70 சதவீதம் இந்த மூட்டைகள்தான் என்பதும் அவர்கள் கணக்குதான். அதை நம்பி நம்ம பக்கம் எத்தனை பேர் களம் விரித்தார்கள், பிரஸ் மெஷின் வாங்கினார்கள்! 2024 முடிந்தது, சட்டம் வரவில்லை. எப்போது வரும் என்று அந்த அமர்வில் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் சலித்துப்போயிருக்கிறது போல.

சரி, அது அரசியல். ஆனால் பேசினவர் நார்த்தூளைப் பற்றிச் சொன்னதெல்லாம் அது ரொம்ப தூரத்திலிருந்து கப்பலில் வருகிறது என்ற ஒரே வரி. கப்பல் தூரமா பிரச்சினை? அழுத்தின கட்டி, ஒரு கன்டெய்னரில் எவ்வளவு போகும் என்று நமக்குத் தெரியாதா? பிரச்சினை தண்ணீர். தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய, அதைக் கழுவி ஈ.சி.யை, அதாவது உப்பின் அளவை, இறக்க வேண்டும், நல்ல தரம் கேட்கிற பையருக்குக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து, ஒட்டியிருக்கிற சோடியத்தை வெளியேற்றுகிற பஃபரிங் வேறு செய்ய வேண்டும். கழுவின உப்புத் தண்ணீர் எங்கே போகிறது? பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம் எந்தக் கிராமத்தில் கேட்டாலும் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறின கதை சொல்வார்கள். 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை, கிட்டத்தட்ட மாசே இல்லாத வெள்ளை வகையிலிருந்து மாசு அதிகமுள்ள ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டோம், ஆனால் மாற்றியதற்குக் காரணமே இல்லை என்று மனசாட்சியோடு யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஒரு நிலத்தை ஈரமாக வைக்க இங்கே ஒரு நிலத்தடி நீரை உப்பாக்கினால் அது என்ன மீட்பு? நிலத்தடி நீரை மூச்சுக்கு மூச்சு பேசுகிற மாநாட்டில் இதைக் கேட்க ஒரு கால் மணி நேரம் இல்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமர்வு முடிந்து நடைபாதையில் போஸ்டர்கள் மாட்டியிருந்த இடத்தில் நின்றபோதுதான் பையர் அனுப்புகிற கேள்வித்தாளின் வேர் புரிந்தது. பிரிட்டனில் வளர்ப்பு ஊடகங்களுக்குப் பொறுப்பான கொள்முதல் திட்டம் ஒன்று இருக்கிறது. பீட் ஆகட்டும், மரப்பட்டை ஆகட்டும், நார்த்தூள் ஆகட்டும், ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் எரிசக்தி, தண்ணீர், தொழிலாளர் நிலைமை, உயிரினச் சூழல், மாசு என்று வரிசையாகப் புள்ளி போடுகிறார்கள். அப்போதுதான் உறைத்தது: பையர் போர்வெல் ஆழமும் கூலிப் பதிவேடும் கேட்பது நம்மைப் படுத்துவதற்கு இல்லை, அந்தப் புள்ளியை நிரப்புவதற்கு. தண்ணீரை மறுசுழற்சி செய்கிற யூனிட்டுக்கும் ஓடையில் விடுகிற யூனிட்டுக்கும் அங்கே மதிப்பு வேறு வேறு. இதை மேடையில் சொல்லியிருக்கலாம், நடைபாதையில் காபிக் கோப்பையோடு நின்ற ஒரு இளம் ஆய்வாளர் சொல்ல வேண்டியதாயிற்று.

போஸ்டர் வரிசையை விட்டுவிடாதீர்கள். ஆராய்ச்சி மாணவர்கள் பாவம், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று நிற்கிறார்கள், ஒரு கேள்வி கேட்டால் பத்து பதில் சொல்கிறார்கள். காங்கோ படுகையில் 1,45,500 சதுர கிலோமீட்டருக்குப் பீட் இருக்கிறது என்று 2017இல்தான் வரைபடமாக்கினார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன், அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரிய ஒரு கார்பன் கிடங்கு இத்தனை நாள் முழுசாக யார் கணக்கிலும் இல்லை. எங்கள் பக்கம் நீலகிரியிலும் பீட் உண்டு என்று பேச்சுவாக்கில் சொன்னேன், எதிரே நின்ற பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நீலகிரிப் பீட்டை வைத்துக் கடந்த 20,000 ஆண்டுத் தட்பவெப்பத்தைப் படித்த ஆய்வு 1993இல் நேச்சர் இதழில் வந்ததாம், அதைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தாளாம். ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், வர்க்கியும் சாக்லேட்டும்தான் வாங்கி வந்திருக்கிறேன்.

பாசி விவசாயம் பற்றிய போஸ்டரையும் நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டும். நிலத்தை வடிக்காமல், ஈரமாகவே வைத்துக்கொண்டு ஸ்பாக்னம் பாசியைப் பயிராக வளர்த்து, அறுத்து, தொட்டி மண்ணுக்கு விற்கிற யோசனை. சம்பங்கோரையை வளர்த்து அதன் பஞ்சைக் குளிர் ஜாக்கெட்டுக்குள் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பாக்னம் தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும் என்கிறார்கள், நம்ம பித் எட்டு மடங்கு என்று நாம் பெருமையடிப்போம். இப்போதைக்கு விலை எங்கேயோ இருக்கிறது, அதனால் பயமில்லை. பத்து பதினைந்து வருஷம் கழித்து என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இனி களப்பயணம். இதற்குத் தனிக் கட்டணம், அதைக் கேட்டதும் வேண்டாம் என்று விடப் பார்த்தேன், விட்டிருந்தால் மொத்தக் காசும் வீண்.

பஸ்ஸில் ஸ்நேக் பாஸ் என்ற மலைக் கணவாயின் உச்சி வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ப்ளீக்லோ மலை மேல் நடக்க வைத்தார்கள். 633 மீட்டர்தான் உயரம், நம்ம வால்பாறைக்கே போதாது, ஆனால் காற்று ஆளைத் தள்ளுகிறது. மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வருகிறது. இந்த மலைகள் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கின்றன. கோயம்புத்தூருக்குப் பட்டப்பேர் கொடுத்த அதே மான்செஸ்டர். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆலைகள் கக்கின நிலக்கரிப் புகையில் இருந்த கந்தகம் மழையோடு இறங்கி, பீட்டை உண்டாக்குகிற ஸ்பாக்னம் பாசியையே கொன்றுவிட்டது. பாசி போன பிறகு ஆடு மேய்ந்ததும், தீப்பிடித்ததும் சேர்ந்து மேல் தோல் உரிந்து, வெறும் கறுப்பு மண் சதுர கிலோமீட்டர் கணக்கில் வெளியே கிடந்தது. மழை அதில் ஓடி ஓடி ஆளுயரத்துக்கு மேல் ஓடைகளை அறுத்துவிட்டது. அந்த மண் கீழே நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, குடிதண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் வருகிறது, அதைச் சுத்தப்படுத்தத் தண்ணீர்க் கம்பெனிக்குச் செலவு. அதனால்தான் அந்தக் கம்பெனிகள் இந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள், கார்பன் பாசத்தில் இல்லை.

மூர்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர் என்ற கூட்டமைப்பு 2003இலிருந்து இங்கே வேலை செய்கிறது. செய்கிற முறையைக் கேட்டால் ரொம்ப எளிமை, செய்துபார்த்தால் முதுகு போய்விடும். முதலில் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பும், அப்புறம் உரமும் புல் விதையும் போடுகிறார்கள். விதை காற்றில் பறக்காமலிருக்க, வேறு இடத்தில் வெட்டின ஹெதர் புதர்க் கழிவைப் போர்வையாகப் பரப்புகிறார்கள். ரோடு கிடையாது, அதனால் எல்லா மூட்டையும் ஹெலிகாப்டரில். புல் வேர் பிடித்து மண் நின்ற பிறகு பாசியைச் சின்னச் சின்னக் கொத்தாகக் கையால் நடுகிறார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே கல், மரம், பீட் என்று கிடைத்ததை வைத்துச் சின்னத் தடுப்புகள். நடந்து போகிற பாதையில் பதித்திருந்த பெரிய கற்பலகைகள், இடித்த பழைய பஞ்சாலைகளின் தரைக் கற்களாம். பாசியைக் கொன்ற ஆலையே கடைசியில் மலைக்கு நடைபாதையாக வந்துவிட்டது.

அப்படி ஓர் ஓடைக்குள் இறங்கிக் காட்டினபோது, குறுக்கே கிடந்த தடுப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்னை நார் உருளை. நம்ம மஞ்சியேதான், கயிற்று வலைக்குள் இறுக்கி அடைத்தது, முளைக்குச்சி அடித்து நிறுத்தியிருந்தார்கள். மேல் பக்கம் வண்டல் தேங்கி, அதில் புல் முளைத்திருந்தது. கூட்டிப்போன அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், முழங்கால் வரை சேறு, விஷயம் தெரிந்தவர். சில வருஷத்தில் உருளை மக்கிவிடுமே என்று கேட்டேன். மக்கட்டும், அதற்குள் செடி பிடித்துக்கொண்டால் அதன் வேலை முடிந்தது, பிளாஸ்டிக்கை மலையில் விட்டுவிட்டு வர முடியாது என்றார். எந்த ஊர் நார் என்று கேட்டதற்கு இலங்கை என்று ஞாபகம் என்றார். கொஞ்சம் பொறாமைதான். தூளைவிட நார் உருளைக்கும், மண் அரிக்காமல் விரிக்கிற நார் வலையான ஜியோடெக்ஸ்டைலுக்கும் அங்கே நல்ல தேவை இருக்கிறது, அதில் பித் மாதிரிக் கழுவுகிற தண்ணீர்ப் பஞ்சாயத்தும் அவ்வளவு இல்லை. நம்ம பக்கம் நாரை மெத்தைக்கும் கயிற்றுக்கும் அனுப்பிவிட்டு, தூள் பின்னாலேயே ஓடுகிறோம் என்று எனக்குப் பட்டது. அரங்கில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கிடைக்காத ஒரு வியாபார யோசனை சேற்றில் நின்ற பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

அதே மலையின் இரண்டு துண்டுகளை, மீட்டதையும் மீட்காததையும், பக்கத்துப் பக்கத்தில் காட்டினார்கள். ஒரு பக்கம் பச்சை, காலை வைத்தால் மெத்தென்று இறங்கித் தண்ணீர் ஊறுகிறது. இன்னொரு பக்கம் கறுப்பு, வெடித்த மண், ஆட்டுப் புழுக்கை. மழை பெய்தால் மீட்ட பக்கத்தில் தண்ணீர் மெதுவாக இறங்குவதால் கீழே ஊர்களில் வெள்ள உச்சமும் குறைகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். 2018 கோடையில் பக்கத்து சாடில்வொர்த் மூர் என்ற மேட்டு நிலத்தில் தீப்பிடித்து இராணுவத்தைக் கூப்பிட வேண்டியதான கதையையும் சொன்னார்கள். ஈரமாக இருக்கிற மலை அவ்வளவு சுலபமாகப் பற்றாது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைவம் தாராளமாக இருந்தது, அதுவே பெரிய விஷயம், ஆனால் எல்லா நாளும் அதே ஆறிப்போன சாண்ட்விச். நான் கொண்டுபோன பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் ஒரு ஸ்வீடன்காரருக்குப் பிடித்துப் போனதில் பாதி பாட்டில் காலி.

செலவுக் கணக்கு: டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் சின்ன யூனிட் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அதை மறைக்க மாட்டேன். எப்படியும் பையரைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர் தேதியைப் பொருத்திக்கொண்டு போனால் சரியாக வரும். அரங்கை மட்டும் ஆன்லைனில் பார்க்கக் குறைந்த கட்டணம் வைத்திருக்கிறார்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள், காலை ஸ்லைடுக்காகக் கொடுத்த மாதிரிதான். களப்பயணத்துக்கு இடம் குறைவு, பதிவு திறந்த அன்றே போட்டுவிட வேண்டும். ஷூவை அங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், நம்ம அளவு கிடைக்காது. விசிட்டிங் கார்டு கத்தையாகக் கொண்டுபோனேன், யாரும் வாங்கவில்லை. உங்கள் யூனிட்டின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதை நாலு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது அதைத்தான்.